என் ஃபேன் ஆர்ட்டும் நான் கைகாட்டும் மற்றவர் படைப்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

13 வருடமாக ஒரே கதையுலகத்தைச் சுற்றி வரைந்துகொண்டிருக்கிறேன். வருடத்துக்கு இரண்டு முறை பழைய படங்களை எடுத்து வைத்து, ஒவ்வொன்றின் கீழும் இன்றைக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதுவேன். மாதம் ஒரு முறை, மற்ற ரசிகர்கள் செய்தவற்றில் என்னைப் பிடித்து நிறுத்திய ஐந்தாறைப் பரிந்துரைப்பேன். இந்த இரண்டு வேலையைப் பற்றியும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் 'ஓடக்காரி' என்று ஒருத்தி அடிக்கடி வருவாள். நான் அதிகம் வரைந்த பாத்திரம் அவள்தான்: வயதானவள், ஆற்றைக் கடத்திவிடுபவள், இடது கையில் இரண்டு விரல் இல்லாதவள். இவ்வளவு தெரிந்தால் போதும், மீதி எல்லாம் புரியும்.

ஃபேன் ஆர்ட் என்றால் படம் மட்டும்தானா?

இல்லை. பிடித்த கதை, திரைப்படம், விளையாட்டு, தொடர் எதுவாக இருந்தாலும் சரி, அதன் மேல் உள்ள பிரியத்தால் நாமே செய்வது எல்லாம் என் கணக்கில் ரசிகர் படைப்புதான். ஓவியம், கதை, பாட்டு, வெட்டி ஒட்டிய வீடியோ, துணிப் பொம்மை, வேடம், கதையில் வரும் ஊருக்கு ஒரு வரைபடம், எல்லாம் சேரும். கதையில் இரண்டே வரியில் வந்துபோகும் ஒரு போர்வையை ஒருவர் நூலெடுத்து முழுசாகப் பின்னிக் காட்டியிருந்தார். அந்த மாதம் என் பட்டியலில் முதலிடம் அந்தப் போர்வைக்குத்தான்.

என் பழைய படங்களைப் பார்க்கவே கூசுகிறது. அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள். எல்லோர் கண்ணிலும் பட வேண்டாம் என்று நினைத்தால் மறைத்து வையுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் கோப்பை விட்டுவிடாதீர்கள். கணினியில் வரைந்தது என்றால் லேயர்கள், அதாவது ஒன்றன் மேல் ஒன்றாக வரைந்த அடுக்குகள், பிரிந்தபடியே, தேதியோடு, ஒன்றுக்கு இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் முதல் இரண்டு வருடப் படங்களில் பாதியை ஒரே இரவில் அழித்தேன். யாரோ அழகாக வரைந்திருந்ததைப் பார்த்த இரவு அது. அந்த இழப்பு இன்றைக்கும் வலிக்கிறது. அந்தக் கதையை முதன்முதலில் படித்தபோது எது என்னை மயக்கியது, ஓடக்காரியின் முகத்தை எப்படிக் கற்பனை செய்தேன் என்பதற்கெல்லாம் அந்தப் படங்கள்தான் சாட்சி. அவை போனதும் அந்த நாட்களின் என்னையும் சேர்த்துத் தொலைத்த மாதிரி ஆகிவிட்டது. பிழைத்த பாதியில் ஒரு படத்தில் அவளுடைய லாந்தரை அளவுக்கு மீறிப் பெரிதாகப் போட்டிருக்கிறேன், ஏறக்குறைய அவள் தலை அளவுக்கு. அளவு தப்புதான். ஆனால் அன்றைக்கு அந்தக் கதையில் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாக இருந்தது அந்த வெளிச்சம். கையில் பழக்கம் ஏறிய பிறகு லாந்தர் சரியான அளவுக்கு வந்துவிட்டது, அந்த ஆசை படத்தில் மங்கிவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

கூச்சம் வருவது நல்ல அறிகுறி என்றே நினைக்கிறேன். பிழை கண்ணில் படுகிறது என்றால், வரைந்த நாளுக்குப் பிறகு உங்கள் கண் வளர்ந்திருக்கிறது.

சொந்தப் படத்தை இன்னொருவர் படம் போலப் பார்ப்பது எப்படி?

முதலில் படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுங்கள். எந்த வரைகலை மென்பொருளிலும் இதற்கு ஒரு பொத்தான் இருக்கும். காகிதத்தில் வரைந்தது என்றால் கண்ணாடி முன் பிடியுங்கள். இது ரொம்பப் பழைய வழி. ஓவியர் தன் படத்தை அடிக்கடி கண்ணாடியில் பார்க்க வேண்டும், அப்போதுதான் அது வேறொருவர் கை வரைந்தது போலத் தெரிந்து பிழைகள் புலப்படும் என்று லியோனார்டோ டா வின்சி தன் ஓவியக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். வேலையை விட்டுக் கொஞ்சம் விலகிப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்க்கும்படியும் அவர் சொல்கிறார். திருப்பிப் போட்டதும் ஒரு கண் மேலே ஏறியிருப்பதும், தாடை ஒரு பக்கம் சரிந்திருப்பதும் பளிச்சென்று தெரியும்.

அடுத்து, படத்தை ஒரு தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் யார், என்ன செய்கிறார் என்று தெரிகிறதா? பிறகு நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாகப் பாருங்கள். நிறம் கண்ணை ஏமாற்றும். சிவப்புச் சேலையும் பச்சைப் புதரும் கலரில் தனித்தனியாகத் தெரியும், நிறத்தை எடுத்ததும் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும். வெளிச்சமும் இருளும் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று அப்போதுதான் பிடிபடும்.

இதெல்லாம் கண்ணுக்கான வேலை. அப்புறம் ஒரு தாளை எடுத்து மூன்று விஷயம் எழுதுவேன். எதை வரைய நினைத்தேன்? பார்ப்பவர் கண் முதலில் எங்கே போகிறது? எதை வரையாமல் நழுவினேன்? மூன்றாவது கேள்விதான் என்னை உலுக்கிய கேள்வி.

அந்த மூன்றாவது கேள்வியைக் கொஞ்சம் விளக்க முடியுமா?

ஏழாவது வருடம் ஓடக்காரி படங்கள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். 34 படங்கள். ஒன்றில்கூட அவளுடைய இடது கை இல்லை. போர்வைக்குள் இருக்கிறது, முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, துடுப்பு மறைக்கிறது, சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறது. இரண்டு விரல் இல்லாத கை என்பதைக் கதை திரும்பத் திரும்பச் சொல்கிறது, அவளுடைய வாழ்க்கையே அந்தக் கையில்தான் எழுதியிருக்கிறது. நானோ ஏழு வருடம் அதை ஒளித்து வைத்திருக்கிறேன். கை வரைவது கடினம் என்று அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அவளுடைய வலது கையை 34 படத்திலும் வரைந்திருந்தேனே! அந்தக் காயத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அவளை முழுசாகக் காட்ட எனக்குத்தான் துணிவில்லை.

அதே வாரம் வேறொரு ரசிகரின் பென்சில் படம் கண்ணில் பட்டது. ஓடக்காரி படகைக் கட்டுகிறாள். முகம் பாதிதான் தெரிகிறது. படத்தின் நட்ட நடுவில் அந்த இடது கை. கயிற்றின் ஒரு நுனியைப் பல்லால் கடித்திருக்கிறாள், கட்டைவிரல் முடிச்சை அழுத்திப் பிடித்திருக்கிறது, மீதி இரண்டு விரலும் வளையத்துக்குள் நுழைந்து இழுக்கின்றன. அழுத்தும் இடத்தில் நகத்தைச் சுற்றி மட்டும் பென்சிலை எடுத்துவிட்டு வெள்ளையாக விட்டிருந்தார் அந்த ரசிகர். ரத்தம் ஒதுங்கும் இடம் அது. விரல் இல்லாத இடத்தைச் சோகமாகக் காட்டவில்லை. இத்தனை வருடத்தில் அந்தக் கை தனக்கென்று கண்டுபிடித்துக்கொண்ட முடிச்சைக் காட்டியிருந்தார்.

நான் நழுவிய இடத்தில் அவர் நின்று பார்த்திருக்கிறார். என் படங்களை அலசியிராவிட்டால் அந்தப் படத்தை 'நல்லா இருக்கு' என்று கடந்து போயிருப்பேன். அந்தப் படத்தைப் பார்த்திராவிட்டால் என் 34 படங்களில் என்ன குறை என்று முழுசாக விளங்கியிருக்காது. அன்றிலிருந்து பழைய படங்களைப் பற்றி எழுதுவதையும் பிறர் படைப்பைப் பரிந்துரைப்பதையும் நான் பிரிப்பதில்லை. இரண்டுக்கும் ஒரே கண்தான் வேண்டியிருக்கிறது.

வரைந்து எத்தனை நாள் கழித்துத் திரும்பிப் பார்க்க வேண்டும்?

எனக்கு ஆறு மாதம் சரியாக இருக்கிறது. ஒரு வாரத்தில் பார்த்தால் பட்ட பாடு இன்னும் நினைவில் இருக்கும், படம் தெரியாது.

பழைய படத்தையே மறுபடி வரைவது நல்லதா?

ரொம்ப நல்லது, ஒரு நிபந்தனையோடு. பழையதைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் மேலேயே திருத்தாதீர்கள். பழைய படத்தைப் பற்றி எழுதிய குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு வெற்றுத் தாளிலிருந்து தொடங்குங்கள். முடித்த பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது முன்னேறியது என்பது தானாகவே தெரியும். எது காணாமல் போனது என்பதைத்தான் தேடிப் பார்க்க வேண்டும், மேலே சொன்ன லாந்தர் மாதிரி.

மற்றவர் பாணியைப் பார்த்துக் கற்றுக்கொள்வது திருட்டா?

பார்த்துக் கற்பது திருட்டில்லை. நாம் எல்லோரும் அப்படித்தான் வந்தோம். ஒருவர் நிழலுக்கு நீலம் போடுகிறார் என்று பார்த்து நீங்களும் போட்டுப் பார்க்கலாம். ஒருவரின் படத்தின் மேலேயே கோடு இழுத்துப் பழகலாம், அது உங்கள் நோட்டுக்குள் இருக்கும்வரை. அதை உங்கள் படம் என்று வெளியில் வைத்தால் தவறு. ஒருவர் கண்டுபிடித்த உடை வடிவமைப்பையோ நிற்கும் கோலத்தையோ எடுத்துக்கொண்டால் முதலில் கேளுங்கள், பிறகு சொல்லுங்கள். மூலக்கதை நம் எல்லோருக்கும் பொது என்பதால் இன்னொரு ரசிகரின் கற்பனையும் பொது ஆகிவிடாது. இந்த இடத்தில்தான் ரசிகர்களுக்குள் அதிக மனக்கசப்பு வந்து பார்த்திருக்கிறேன்.

என் குறிப்புகளில் 'இது யாரிடமிருந்து வந்தது' என்று ஒரு வரி எப்போதும் இருக்கும். அந்த மூன்று விரல் படத்துக்குப் பிறகு நான் வரைந்த ஒவ்வொரு கையின் கீழும் அந்த ரசிகரின் புனைபெயரை எழுதியிருக்கிறேன்.

மற்றவர்களைப் பரிந்துரைக்க இவ்வளவு நேரம் செலவழிப்பது எதற்கு? அந்த நேரத்தில் வரையலாமே?

ரசிகர் படைப்பு பரவியதே இப்படிக் கைமாறித்தான். 1967-இல் அமெரிக்காவில் ஸ்டார் டிரெக் தொடரின் ரசிகர்கள் தாங்களே எழுதி, வரைந்து, படியெடுத்து 'ஸ்பாக்கனேலியா' என்ற சிற்றிதழைக் கொண்டுவந்தார்கள். தெரிந்தவர் தெரிந்தவருக்குச் சொல்லி, தபாலில் போய்ச் சேர்ந்த இதழ்கள் அவை. ஜப்பானில் 1975 டிசம்பர் 21 அன்று டோக்கியோவில் காமிக் மார்க்கெட் என்ற சந்தை முதன்முதலாகக் கூடியது. 32 குழுக்கள், சுமார் 700 பேர். ரசிகர்கள் தாங்களே அச்சிட்ட புத்தகங்களைக் கொண்டுவந்து மேசை போட்டு விற்றார்கள். 2019 கோடையில் அதே சந்தைக்கு நான்கு நாளில் 7 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். அந்தச் சந்தையின் ஒரு வழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாங்க வருபவரை அங்கே வாடிக்கையாளர் என்று சொல்வதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் இந்தப் பக்கம் நிற்பவரும், நடத்துபவர்களும்கூட, எல்லோரும் 'பங்கேற்பவர்'தான்.

பரிந்துரைப்பவரும் அப்படிப் பங்கேற்பவர்தான். இன்றைக்கு எதை யார் கண்ணில் காட்டுவது என்று சமூக வலைத்தளத்தின் எந்திரம் முடிவு செய்கிறது. ஏற்கெனவே பலர் பார்த்ததையே அது மேலும் பலருக்குக் காட்டுகிறது. மூன்று வாரம் உட்கார்ந்து ஒருவர் வரைந்த படம் 20 பேர் கண்ணில் பட்டு அடங்கிவிடும். அதை 21-ஆவது ஆளுக்குக் காட்ட ஒரு மனிதர் வேண்டும்.

ஒரு நல்ல பரிந்துரை எப்படி இருக்கும்?

முதலில், சரியில்லாதது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். 'செம படம், எல்லோரும் கட்டாயம் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.' இதில் உங்கள் உணர்ச்சி தெரிகிறது, படம் தெரியவில்லை. இதே வரியை எந்தப் படத்துக்கும் எழுதலாம். வரைந்தவருக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

அந்த மூன்று விரல் படத்துக்கு நான் எழுதியது இது: 'ஓடக்காரி படகு கட்டும் பென்சில் படம். முகத்தை விட்டுவிட்டு இடது கையைப் பாருங்கள். கயிற்றைப் பல்லில் கடித்து, மூன்று விரலால் முடிச்சுப் போடுகிறாள். நகத்தைச் சுற்றி விட்டிருக்கும் வெள்ளை, எவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கிறாள் என்று சொல்லிவிடுகிறது. கதையின் ஐந்தாம் பாகம் வரை படித்தவர்களுக்கு இன்னும் அதிகம் புரியும், படிக்காதவர்களும் பார்க்கலாம்.'

அவ்வளவுதான். என்ன வகை, எதைக் கவனிக்க வேண்டும், வரைந்தவர் அங்கே என்ன செய்திருக்கிறார், யாருக்குப் பொருந்தும். கதைகளைப் பரிந்துரைக்கும்போது நீளத்தையும், முடிந்துவிட்டதா பாதியில் நிற்கிறதா என்பதையும் சேர்ப்பேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கடைசி அத்தியாயம் இல்லை என்று தெரியவந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எழுதுவதற்கு முன் ஒரு படைப்பை இரண்டு தடவையாவது பார்ப்பேன். முதல் தடவை பிடித்தது இரண்டாம் தடவையும் பிடித்திருந்தால், எதனால் என்று கேட்டுக்கொள்வேன். பதில் கிடைக்காவிட்டால் அந்த மாதம் அதைத் தள்ளிவைப்பேன், விடுவதில்லை. சில படைப்புகள் ஐந்து மாதம் காத்திருந்து பட்டியலுக்கு வந்திருக்கின்றன.

படத்தை எடுத்துப் போட்டு 'கிரெடிட் உரியவருக்கு' என்று எழுதினால் போதாதா?

போதாது. உரியவர் யார் என்று அதில் இல்லையே. வரைந்தவர் வைத்திருக்கும் இடத்துக்கே ஆட்களை அனுப்புங்கள். அங்கே போனால் அவருடைய மற்ற படங்களையும் பார்ப்பார்கள், அவரிடமே நேரில் சொல்வார்கள். இன்னொரு காரணமும் உண்டு. ஜேபெக் படத்தை ஒவ்வொரு தடவை இறக்கி ஏற்றிச் சுருக்கும்போதும் கொஞ்சம் விவரம் போகும். நாலு கை மாறியபின் பென்சில் கோடு சேறு பூசியது மாதிரி ஆகிவிடும். ஓரத்தை வெட்டினால் கையெழுத்தும் போய்விடும்.

ஜப்பானிய ஓவியர்கள் பலர் தங்கள் விவரத்தில் 'முதான் டென்சாய் கின்ஷி' என்று எழுதியிருப்பார்கள். அனுமதியில்லாமல் மறுபதிவு செய்யக் கூடாது என்று அர்த்தம். மொழி தெரியாது என்பது சாக்கு ஆகாது, அதைப் படித்துக்கொள்ளுங்கள். யார் வரைந்தது என்றே தெரியாத படம் கையில் வந்தால் படத்தை வைத்துத் தேடும் வசதியைப் பயன்படுத்துங்கள். டின்ஐ போன்ற தேடுபொறிகள் 2008-லிருந்தே இருக்கின்றன. தேடியும் கிடைக்கவில்லையா, பரிந்துரைக்காதீர்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

நண்பர்களின் படைப்பைப் பரிந்துரைக்கலாமா?

தாராளமாக. நண்பர் என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். ஆனால் பட்டியல் முழுக்க நண்பர்களாகவே இருந்தால் அது விருந்தினர் பட்டியல் ஆகிவிடும். நான் எனக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: ஒவ்வொரு மாதமும் பாதிப் பேராவது நான் அதுவரை பேசியே இராதவர்களாக இருக்க வேண்டும், ஒருவராவது புதிதாக வரையத் தொடங்கியவராக இருக்க வேண்டும். புதியவர்களின் படத்தில் கோடு நடுங்கும், ஆனால் பழகிய கை எடுக்கத் தயங்கும் முடிவுகளை எடுப்பார்கள். அந்த முடிவைச் சுட்டிக்காட்டுவதுதான் அவர்களுக்கு நாம் கொடுக்கக்கூடிய பெரிய பரிசு.

நல்ல படைப்புகளை எங்கே தேடுகிறீர்கள்?

பெரும்பாலும் பிற ரசிகர்களின் பரிந்துரைகளில். ஒருவர் எனக்குப் பிடித்த ஒன்றைச் சரியான காரணம் சொல்லிப் பரிந்துரைத்திருந்தால், அவர் சொன்ன மற்றவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். படங்களுக்கு டீவியன்ட்ஆர்ட் என்ற தளம் 2000-லிருந்தும், பிக்சிவ் என்ற ஜப்பானியத் தளம் 2007-லிருந்தும் இருக்கின்றன. இரண்டிலும் பழைய வருடங்களுக்குள் போய்த் தேடுங்கள், மேலே மிதப்பதோடு நிற்காதீர்கள். கதைகளுக்கு ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற இணையதளம். ரசிகர்களே சேர்ந்து 2007-இல் தொடங்கிய லாபநோக்கற்ற அமைப்பு ஒன்று அதை நடத்துகிறது. 2009 நவம்பரில் எல்லோருக்கும் திறந்தார்கள், 2019-இல் அதற்கு அறிவியல் புனைவு உலகின் ஹியூகோ விருதே கிடைத்தது. அங்கே ஒரு கதையைக் குறித்துவைக்கும்போது 'பரிந்துரை' என்று தனியாக ஒரு கட்டத்தை டிக் செய்யலாம், காரணத்தையும் எழுதலாம். பலர் அந்தக் கட்டத்தைக் கவனிப்பதே இல்லை. நான் அதை வைத்துத்தான் நிறையக் கண்டுபிடித்தேன்.

பிடித்த படைப்பில் ஒரு பகுதி பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல்ல வேண்டுமா?

பார்ப்பவரைக் காயப்படுத்தக்கூடியது என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும். ரத்தம், வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம் இதெல்லாம் இருந்தால் முன்கூட்டியே ஒரு வரி. கதையின் திருப்பம் வெளிப்பட்டுவிடும் என்றால் அதற்கும் ஒரு வரி.

முழங்கை கொஞ்சம் நீளம், நடுவில் கதை தொய்கிறது என்பதையெல்லாம் பரிந்துரையில் எழுதமாட்டேன். வரைந்தவர் கருத்துக் கேட்டிருந்தால் தனியாகச் சொல்வேன். கேட்காதவரிடம் சொல்வதில்லை. காசு வாங்காமல் பிரியத்துக்காகச் செய்தவர் அவர். குறையைக் கண்டுபிடிக்கும் கண்ணை என் படங்களுக்கு வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் படத்துக்கு யாரும் எதுவும் சொல்லாதபோது எப்படித் தாங்கிக்கொள்கிறீர்கள்?

கஷ்டம்தான். ஆறு வாரம் வரைந்த ஆற்றங்கரைப் படத்துக்கு நாலு இதயக் குறிதான் வந்தது. அதே மாதம் அரை மணி நேரத்தில் கிறுக்கிய பூனைப் படத்தை ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்தார்கள். எண்ணிக்கையை வைத்து என் படங்களை அலசினால் பூனை மட்டுமே வரைந்துகொண்டிருப்பேன். அதனால் குறிப்பு எழுதும்போது எண்ணிக்கையை மறைத்துவிடுகிறேன். ஆற்றங்கரைப் படத்தின் குறிப்பில் 'தண்ணீருக்கு ஐந்து பச்சை போட்டேன், மூன்றாவது பச்சை தேவையில்லை' என்று இருக்கிறது. அந்த வரியால் அடுத்த ஆறு நன்றாக வந்தது.

அந்தச் சோர்வை அனுபவித்ததால்தான் பிறரைப் பரிந்துரைக்கும்போது படைத்தவருக்கும் ஒரு செய்தி அனுப்பிவிடுகிறேன்.

படத்தோடு எழுத்தில் விளக்கம் சேர்ப்பது அவசியமா?

அவசியம். பார்வையற்ற ரசிகர்கள், திரையில் உள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மூலம் படத்தை அறிய அதுதான் நல்ல வழி. 'ஓடக்காரி ஃபேன் ஆர்ட்' என்று எழுதினால் அவர்களுக்கு எதுவும் கிடைக்காது. 'மழையில் ஒரு கிழவி படகின் முனையில் குந்தியிருக்கிறாள், லாந்தரைத் தன் போர்வைக்குள் வைத்துக் காக்கிறாள், வெளிச்சம் அவள் முகவாயில் மட்டும் விழுகிறது' என்று எழுதினால் படம் போய்ச் சேரும். பிறர் படத்தைப் பரிந்துரைக்கும்போதும் விளக்கம் எழுதுங்கள்.

இதில் எனக்கு ஒரு பெரிய பலன் கிடைத்தது. பழைய படங்களுக்கு உட்கார்ந்து விளக்கம் எழுதியபோது 'இடப்பக்கம் பார்க்கிறாள்' என்று பதினோராவது தடவை எழுதிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. வலக்கைக்காரர்களுக்கு இடப்பக்கம் பார்க்கும் முகம் எளிதாக வரும். அந்தச் சௌகரியத்தில் நான் அவளைப் பல வருடம் ஒரே திசையைப் பார்க்க வைத்திருக்கிறேன். பார்த்துக்கொண்டே இருந்தபோது தெரியாதது, எழுதிய பிறகு தெரிந்தது.

ஃபேன் ஆர்ட் சட்டப்படி சரியா? விற்கலாமா?

மூலக்கதையின் உரிமை அதைப் படைத்தவரிடமோ வெளியிட்டவரிடமோதான் இருக்கும். நாட்டுக்கு நாடு விதி மாறும். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு நியாயமான பயன்பாட்டை, அதாவது அனுமதி வாங்காமலே எடுத்தாளலாமா என்பதை, முடிவு செய்ய நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: எதற்காகப் பயன்படுத்தினோம், மூலப்படைப்பு எப்படிப்பட்டது, எவ்வளவு எடுத்தோம், மூலத்தின் சந்தையை அது பாதிக்கிறதா. இதைப் படித்தாலே, இலவசமாகக் காட்டுவதும் ஆயிரம் பிரதி அச்சிட்டு விற்பதும் ஒன்றில்லை என்று தெரியும். பல நிறுவனங்கள் ரசிகர் படைப்புக்கென்று தனி விதிகள் வெளியிட்டிருக்கின்றன. விற்க நினைத்தால் முதலில் அதைத் தேடிப் படியுங்கள்.

எந்திரம் (செயற்கை நுண்ணறிவு) உருவாக்கிய படங்களைப் பரிந்துரைப்பீர்களா?

இல்லை. ஒருவருடைய கை எங்கே நின்றது, எதைத் தேர்ந்தெடுத்தது என்று சொல்வதுதான் என் பரிந்துரை. அந்தப் படங்களில் அப்படிச் சொல்ல எனக்கு எதுவும் கிடைப்பதில்லை. தங்கள் பாணியை எந்திரம் படித்துக்கொள்ளுமே என்று அஞ்சுகிறவர்களுக்கு, சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் கிளேஸ் என்ற மென்பொருளை இலவசமாகக் கொடுத்தார்கள். நம் கண்ணுக்கு அதிகம் தெரியாத சின்னச் சின்ன மாற்றங்களைப் படத்தில் செய்து எந்திரத்தைக் குழப்புவது அதன் வேலை. முழுப் பாதுகாப்பு இல்லை, ஆனாலும் நான் பயன்படுத்துகிறேன்.

என் படைப்பை அனுப்பினால் பரிந்துரைப்பீர்களா?

அனுப்புங்கள், கட்டாயம் பார்ப்பேன். பட்டியலில் வருமா என்று வாக்குக் கொடுக்க முடியாது. அனுப்பும்போது உங்களுடையது ஒன்று, உங்களுக்குப் பிடித்த வேறொருவருடையது ஒன்று, அது ஏன் பிடித்தது என்று மூன்று வரி. இரண்டாவதுதான் எனக்கு அதிக ஆவலைத் தரும்.

அந்த மூன்று விரல் படத்தைப் பார்க்க முடியுமா?

இதுதான் அதிகம் பேர் கேட்கும் கேள்வி. முடியாது. நான் பரிந்துரைத்து இரண்டு வருடம் கழித்து அந்த ரசிகர் தன் படங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். ஏன் என்று தெரியாது, கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை. அந்தப் படத்தின் பிரதி ஒன்று என் கணினியில் இருக்கிறது. அவர் திரும்பி வந்து 'காட்டலாம்' என்று சொல்லும்வரை அது அங்கேயேதான் இருக்கும். எவ்வளவு பேர் கேட்டாலும் இதில் நான் மாறமாட்டேன்.

அதைப் பற்றி எழுதிய நாலு வரி மட்டும் இன்னும் வெளியில் இருக்கிறது. போன வருடம், படத்தைப் பார்த்தே இராத ஒருவர் அந்த நாலு வரியைப் படித்துவிட்டு, தானே ஒரு ஓடக்காரியை வரைந்து அனுப்பினார். மை பேனாவில் வரைந்த படம். அவருடைய ஓடக்காரி நின்றுகொண்டு கட்டுகிறாள், வலப்பக்கம் பார்க்கிறாள், கயிறு பல்லில் இருக்கிறது. நகத்தைச் சுற்றி வெள்ளை விட்டிருக்கிறார்.